அமோனியாவுக்கும் ஒரு குழாய் ரத்தம்: பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களே, செவிலியர்களே,

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் உங்களுக்குத்தான் இந்த மடல். பிறந்தபோது நன்றாக அழுது, நல்ல எடையோடு இருந்த குழந்தை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பால் குடிக்க மறுத்து, துவண்டுபோய் உங்கள் பிரிவுக்கு வருகிறது. கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று ரத்தம் எடுக்கிறீர்கள். அதே ஊசியில் அமோனியா பார்ப்பதற்கும் ஒரு குழாய் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கல்ச்சர் முடிவு வரட்டும், ஆன்டிபயாட்டிக் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று காத்திருந்து பிறகு எடுப்பதாக இல்லாமல், முதல் ரத்தத்திலேயே எடுங்கள். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு மரபணுவை வைத்து விளக்க முயல்கிறேன்.

சி.பி.எஸ்.1 என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மரபணு நம் இரண்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. அது உருவாக்கும் நொதியின் பெயர் கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ். 1500 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேர்வதற்கான முகவரிபோல் அதன் முன்முனையில் ஒரு சிறு துண்டு இருக்கும். உள்ளே நுழைந்ததும் அது வெட்டி நீக்கப்படும். கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே நொதிதான். இத்தனை இடத்தை உடல் இதற்கு ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்ட புரதமும் உடலில் சிதையும் புரதமும் விட்டுச்செல்லும் நைட்ரஜன், அமோனியாவாக வந்து சேர்கிறது. மூளைக்கு நஞ்சான அந்த அமோனியாவைப் பைகார்பனேட்டோடு சேர்த்து, இரண்டு ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவழித்து, யூரியா சுழற்சிக்குள் ஏற்றிவிடுகிற முதல் படி இதுதான். 1932இல் ஜெர்மனியின் ஃபிரைபர்கில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்சலைட்டும் கண்டறிந்த அந்தச் சுழற்சியை நீங்கள் எல்லோரும் முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துவிடுகிற பாடமாகவும் அது இருக்கிறது. உயிர்வேதியியல் பாடத்துக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் நடுவில் விழுந்துவிட்ட அந்த இடைவெளியில்தான் சில குழந்தைகளை நாம் இழக்கிறோம்.

இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் என்ன ஆகும்? கருவில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. குழந்தையின் அமோனியா நஞ்சுக்கொடி வழியாகப் போய்த் தாயின் கல்லீரலில் கரைந்துவிடுகிறது. அதனால்தான் பிறக்கும்போது எடை சரியாக இருக்கிறது, அழுகை சரியாக இருக்கிறது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகத் தயாராகிறார்கள். தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் அமோனியா ஏறத் தொடங்குகிறது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் இழுப்பது குறைகிறது, வாந்தி வருகிறது, குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கிறது, பிறகு எழுப்பினாலும் எழுவதில்லை. மூளையின் நட்சத்திர வடிவ செல்கள் அமோனியாவைக் குளூட்டமினாக மாற்றிச் சேமித்து, நீரை இழுத்து வீங்குகின்றன. இவற்றில் எந்த அறிகுறியும் இந்த நோய்க்கு மட்டும் உரியதல்ல. கிருமித்தொற்றும் இப்படித்தான் இருக்கும். அதனால் முதல் சந்தேகம் அங்கே போவதில் தவறேதும் இல்லை.

ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். அமோனியா மூச்சு மையத்தைத் தூண்டுவதால் குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருக்கிறது. ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, பி.எச். அளவு காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தொற்று முற்றித் துவண்டுபோன குழந்தையின் ரத்தம் பெரும்பாலும் அமிலப் பக்கம்தான் சாயும். துவண்டுகிடக்கும் பச்சிளங்குழந்தையின் ரத்தம் காரப் பக்கம் நிற்கிறது என்றால், அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர் அடுத்த நிமிடமே அமோனியாவைப் பற்றி நினைக்க வேண்டும். இந்தத் துப்பும் எல்லாக் குழந்தைகளிடமும் தெரியாது. புரோபியோனிக் அமிலம், மீத்தைல் மலோனிக் அமிலம் தேங்கும் நோய்களில் அமோனியாவும் ஏறும், ரத்தமும் அமிலமாகும். துப்பு தெரிந்தால்தான் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் அந்தக் குழந்தைகள் தவறிப்போவார்கள்.

இந்த மரபணுவின் பெயர் 2025 மே மாதம் உலகச் செய்திகளில் அடிபட்டதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், சி.பி.எஸ்.1 பழுதோடு பிறந்த ஓர் ஆண் குழந்தைக்காக மட்டுமே ஒரு மரபணுத் திருத்த மருந்தைத் தயாரித்துச் செலுத்தினார்கள். தந்தையிடமிருந்து வந்த பிரதியில் ஓர் எழுத்துப் பிழை, தாயிடமிருந்து வந்ததில் வேறொன்று. தந்தைவழிப் பிழையைத் திருத்தும் கருவியைக் கொழுப்புத் துகள்களில் பொதிந்து கல்லீரலுக்கு அனுப்பினார்கள். ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு ஆகிய இருவரும் தலைமை தாங்கிய குழு, சுமார் ஆறே மாதங்களில் அதை வடிவமைத்து, சோதித்து, தயாரித்து முடித்தது. பிப்ரவரி 2025இல் முதல் தவணை கொடுத்தார்கள்; அடுத்த மாதங்களில் மேலும் இரண்டு. குழந்தையால் முன்பைவிட அதிகப் புரதம் உண்ண முடிந்தது. மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. இதே நகரில் 1999 செப்டம்பரில், இதே சுழற்சியின் அடுத்த நொதியான ஓ.டி.சி. பழுதுக்காக நடந்த மரபணு சிகிச்சை ஆய்வில், ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் ஊசி போட்ட நான்கே நாளில் இறந்துபோனார். அந்தச் சாவு அத்துறையையே பல ஆண்டுகள் முடக்கிப்போட்டது. அங்கிருந்து இங்கு வந்திருக்கும் தூரம் மகத்தானது. அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

அந்தச் செய்தியில் பலரும் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது. குழந்தை பிறந்த இரண்டு நாளுக்குள் துவண்டபோது, அங்கே அமோனியா பார்த்தார்கள்; அளவு 1000 மைக்ரோமோலைத் தாண்டியிருந்தது; உடனே ரத்தத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே மரபணுப் பிழையும் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த ஆறு மாத அதிசயம் முழுவதும் அந்த ஒரு சாதாரணப் பரிசோதனையின் மீதுதான் நிற்கிறது. அன்று அந்தக் குழாய் ரத்தம் எடுக்கப்படாமல் போயிருந்தால், உலகின் தலைசிறந்த மரபணுத் திருத்த நிபுணர்கள் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தும் அந்தக் குழந்தைக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. நம்மிடம் அந்தக் கருவி இல்லை என்று வருந்துகிறோம். அந்தக் குழாய் நம்மிடம் இருக்கிறது.

இவ்வளவு அபூர்வமான நோய்க்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பரிசோதனையா என்று நீங்கள் கேட்கலாம். சி.பி.எஸ்.1 பழுது 13 லட்சம் பிறப்புகளில் ஒன்று என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. ஆனால் அமோனியாப் பரிசோதனை ஒரு மரபணுவை மட்டும் தேடவில்லை. யூரியா சுழற்சிக் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 35,000 பிறப்புகளில் ஒன்று என்ற மதிப்பீட்டுக்கு வருகிறோம். முன்னே சொன்ன அமிலக் கோளாறுகள் அதற்கு மேல். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள். மேலைநாட்டு விகிதத்தையே எடுத்துக்கொண்டாலும் யூரியா சுழற்சிக் கோளாறுகளோடு மட்டும் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அதோடு, நான் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை கேட்கவில்லை. காரணம் தெரியாமல் துவண்டு உங்களிடம் வருகிற குழந்தைகளுக்குத்தான் கேட்கிறேன்.

அந்த மேலைநாட்டு விகிதத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது என்பது இன்னும் முக்கியமானது. அபூர்வம் என்பது நோயின் மாறாத குணம் இல்லை. யார் யாரை மணக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. கணக்கைக் கொஞ்சம் பொறுமையோடு போட்டுப் பார்ப்போம். 13 லட்சத்தில் ஒன்று என்றால், பழுதான பிரதி அந்த மக்களிடையே சுமார் 1,140இல் ஒன்றாக இருக்கிறது என்று பொருள். அதன் வர்க்கம்தான் 13 லட்சம். அதே அளவு பழுதுள்ள மக்களிடையே மாமன் மகளையோ அத்தை மகளையோ ஒருவர் மணந்தால், இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அப்போது நோயின் வாய்ப்பு ஏறக்குறைய 18,000இல் ஒன்றாகிவிடுகிறது. தாய்மாமனை அக்காள் மகள் மணந்தால் எட்டில் ஒன்று. நோயின் வாய்ப்பு 9,000இல் ஒன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். (ஓ.டி.சி. மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் உறவுத் திருமணம் அதைக் கூட்டுவதில்லை.)

இதைச் சொன்னால் உறவில் மணந்தவர்களைக் குற்றவாளியாக்குவதாக ஆகிவிடும் என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. நியாயமான தயக்கம்தான். உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறார்கள். உறவில் மணக்காதவர்களும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. 2017இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்று வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 குழுக்கள், மரபணு நோய்களுக்கு உதாரணமாக எப்போதும் சுட்டப்படும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய முன்னோர் வட்டத்திலிருந்து வந்தவை என்று காட்டியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள குழுக்களும் அவற்றில் அடக்கம். சாதிக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் மணந்துவந்ததால், தாத்தா பாட்டி பெயர் ஒத்துப்போகாத கணவன் மனைவிக்கும் ஒரே பழுது இருக்கலாம். ஆகவே நோட்டில் 'உறவுத் திருமணம் இல்லை' என்று எழுதியிருப்பதை வைத்து அமோனியா தேவையில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்துளியை எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் சோதிக்கும் திட்டம் வந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அந்தத் திட்டம் வேண்டும். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் அது இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அந்தப் பரிசோதனை சி.பி.எஸ்.1, ஓ.டி.சி. பழுதுகளைக் கண்டுபிடிப்பதில் பலவீனமானது. அதற்குச் சிட்ருலின் குறைந்திருப்பதைப் பார்க்க வேண்டும், பச்சிளங்குழந்தைகளுக்கோ அது இயல்பிலேயே குறைவு. கண்டுபிடித்தாலும் அட்டை காய்ந்து, ஆய்வகம் போய், முடிவு திரும்பிவருவதற்குள் குழந்தை மயக்கத்தில் இருக்கும். இங்கே நாள்கணக்குக்கு இடமில்லை.

மூன்றாவது தடையை உங்களில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள்: அமோனியா நம்ப முடியாத பரிசோதனை, சும்மாவே கூடிக் காட்டும். உண்மைதான். அழுது முறுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்து, துளித்துளியாகப் பிழிந்து எடுத்த ரத்தம் பொய் சொல்லும். எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் குழாய்க்குள் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முறை முக்கியம். தாராளமாக ஓடும் சிரையிலிருந்தோ தமனியிலிருந்தோ ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸ் போட்ட டம்ளருக்குள் வைத்து, ஒருவர் கையோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு போன் செய்திருந்தால் சென்ட்ரிஃபியூஜ் காலியாகக் காத்திருக்கும். கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்மா பிரிந்துவிட்டால் எண்ணை நம்பலாம். வார்டு பாய் இரவு சுற்று முடிந்து எல்லா மாதிரிகளையும் சேர்த்து எடுத்துப்போகும் பழக்கம் இந்தப் பரிசோதனைக்கு ஒத்துவராது. இன்னொரு சிறு விஷயம் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது: நோய்ப் புத்தகங்கள் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று பேசும், நம் ஆய்வகங்கள் பலவும் டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று தாளில் அச்சடிக்கும். தாளில் உள்ளதை 1.7ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும். துவண்ட பச்சிளங்குழந்தையிடம் 150 மைக்ரோமோலுக்கு மேல், அதாவது தாளில் சுமார் 255க்கு மேல் இருந்தால், சரியான முறையில் உடனே மறுபடி எடுங்கள். அது வரும்வரை, பாலை நிறுத்துவதில் தொடங்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பொய்யாகக் கூடிய எண்ணால் ஒரு குழந்தை இழப்பது சில மணி நேரப் பாலை மட்டும்தான்.

இவற்றை எல்லாம்விடக் கனமான தடை ஒன்று உண்டு. கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம்? டயாலிசிஸ் இல்லை, மருந்து இல்லை, பெற்றோரிடம் பணம் இல்லை. தெரிந்துகொள்வதால் வேதனைதான் மிச்சம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரக்கத்திலிருந்து வருகிற வாதம் என்பதால் இதை மதிக்கிறேன். ஆனாலும் ஏற்க முடியவில்லை. முதல் சிகிச்சைக்கு வேண்டியவை எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் இருக்கின்றன. பாலை நிறுத்துவது, 10 சதவீத குளுக்கோஸை முழு அளவில் ஏற்றி உடல் தன் சொந்தப் புரதத்தைச் சிதைப்பதைத் தடுப்பது, 108ஐ அழைத்து டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு அமோனியா எண்ணையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவது. பாலை ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நிறுத்தினால் அதுவே உடலைச் சிதைக்கும் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். நைட்ரஜனை வேறு வழியில் வெளியேற்றும் சோடியம் பென்சோயேட் விலையுயர்ந்த பொருள் அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சால் புருசிலோ 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவிய சிகிச்சை அது. நீண்ட காலத் தீர்வான கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு, இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரியவகை நோய்க் கொள்கை யூரியா சுழற்சிக் கோளாறுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன்கீழ் சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. எல்லாக் குழந்தைக்கும் இது போய்ச் சேர்கிறது என்று நான் சொல்லவில்லை. நோயின் பெயர் எழுதப்படாத குழந்தைக்கு அந்தக் கதவு இருக்கிறது என்பதே தெரியாது என்று சொல்கிறேன்.

நோயின் பெயரைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. சி.பி.எஸ்.1 நொதி தானாக இயங்காது. என்-அசிட்டைல்குளூட்டமேட் என்ற சிறு மூலக்கூறு அதை முடுக்கிவிட வேண்டும். அந்த முடுக்கியை உருவாக்கும் மரபணு பழுதானாலும் குழந்தை அச்சு அசலாக இதே நிலையில்தான் வரும். கட்டிலருகே நின்று பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் அந்தக் குழந்தைக்குக் கார்குளூமிக் அமிலம் என்ற வாய்வழி மாத்திரை போதும். நொதி நல்ல நிலையில் இருப்பதால் மாத்திரை அதை ஓடவைத்துவிடுகிறது. அமோனியா மணிக்கணக்கில் இறங்குகிறது, கல்லீரல் மாற்று வேண்டியதில்லை. மாத்திரை விலை அதிகம்தான். ஆனாலும், தீர்வே இல்லை என்று கைவிடப்படும் குழந்தைகளில் ஒன்று, தீர்வு உள்ள குழந்தையாக இருக்கலாம் என்பதை எந்த நியாயத்தால் ஒதுக்குவது?

எல்லாம் செய்தும் குழந்தை பிழைக்காத நாளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 'செப்சிஸ்' என்று எழுதிய சான்றிதழோடு வீட்டுக்குப் போகும் தாயை ஊர் சும்மா விடுவதில்லை. பால் சரியில்லை, கைராசி சரியில்லை, சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று பேச்சு அவள் பக்கமே திரும்பும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகவே வருகிறது என்று அரைகுறையாகப் படித்தவர்கள், நோயின் பெயர் தெரிந்த பிறகும் அவளையே கைகாட்டக்கூடும். அவர்களுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: இந்த நொதி வேலை செய்யும் இடம்தான் மைட்டோகாண்ட்ரியா, அதன் மரபணு இருப்பது செல்லின் உட்கருவில், ஒரு பிரதி தந்தையுடையது, ஒரு பிரதி தாயுடையது, இருவர் பங்கும் சமம். அதோடு அடுத்த கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது. காரணம் தெரியாத வீட்டில் அந்த இரண்டாவது குழந்தையும் அதே மூன்றாம் நாளில் அதேபோல் துவளக்கூடும்.

அதனால் கடைசிக் கோரிக்கை இது. குழந்தை போய்விடும் என்று தெரிகிற நேரத்தில், பெற்றோரிடம் நிதானமாகச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். வடிதாள் அட்டையில் சில துளிகளைக் காயவைத்துப் பெயர், தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சிறுநீர் கிடைத்தால் உறையவையுங்கள். மரபணுச் சோதனைக்குப் பணமோ வசதியோ அன்றைக்கே வேண்டியதில்லை. மாதிரி இருந்தால் பின்னால் செய்துகொள்ளலாம். அமோனியா எண்ணையும், எடுத்த நேரத்தையும், சந்தேகப்படும் நோய்க்குழுவின் பெயரையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை கருத்தரித்தவுடன் இதை எடுத்துக்கொண்டு மரபியல் மருத்துவரிடம் போங்கள் என்று அந்தத் தாயிடமும் தந்தையிடமும் சொல்லிக் கொடுங்கள். குடும்பத்தின் பிழை எது என்று தெரிந்திருந்தால், 11ஆம் வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் சோதித்துப் பார்க்க முடியும். பாலினம் அறியத் தடை விதிக்கும் சட்டமும் பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்களுக்கான கருச்சோதனையை அனுமதிக்கிறது. சோதிக்க விரும்பாத பெற்றோருக்கும் அந்தத் தாள் பயன்படும்: பிரசவத்தன்றே குளுக்கோஸும் ஐஸ் டம்ளரும் தயாராக இருக்கும் மருத்துவமனையை அவர்கள் முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம்.

மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
ஒரு வாசகர்